வீட்டில் யாரும் இல்லை என்று சொன்னேன்

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து நாலு மாதம் ஆகிறது. பார்க்க வருகிறவர்கள் எல்லோரும் வயிற்றைத்தான் விசாரிக்கிறார்கள். எத்தனை தையல், என்ன சாப்பிடலாம், காபி குடிக்கலாமா கூடாதா. தையற்காரனுக்கே தையல் போட்டுவிட்டார்களே என்று சிரிக்கிறார்கள். நானும் சிரித்து வைக்கிறேன். இப்போது சிரித்தால் வலிப்பதில்லை. ஆனால் அந்த இருபத்திரண்டு நாளில் நடந்தது வயிற்று விஷயம் மட்டும் இல்லை. மற்றதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். என்னைப் போல வீட்டுக்குள் ஒருவரை வைத்துக்கொண்டு வெளியே மூச்சு விடாமல் இருப்பவர்கள் இந்த ஊரில் இன்னும் இருப்பார்கள். அவர்கள் படிக்கட்டும்.

என் பெயர் சண்முகம். திருச்சி சின்னக்கடைத் தெருவில் ஒரு தையற்கடையில் எனக்கு ஒரு மிஷின், காதர் பாய்க்கு ஒரு மிஷின். பதினைந்து வருஷமாகப் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கிறோம். வீடு ஸ்ரீரங்கத்தில், அம்மா மண்டபம் ரோட்டிலிருந்து பிரிகிற ஒரு சந்தில். மனைவி போய் மூன்று வருஷம் ஆகிறது. மகள் மங்களத்தை லால்குடியில் ஒரு நெல் வியாபாரிக் குடும்பத்தில் கொடுத்திருக்கிறேன். காதர் பாய்க்கு என்னைப் பற்றித் தெரிந்தது இவ்வளவுதான். சம்பந்தி வீட்டுக்குத் தெரிந்ததும் இவ்வளவுதான்.

தெரியாதது நடேசன். மங்களத்துக்கு அண்ணன். இருபத்தொன்பது வயது. ஆள் வாட்டசாட்டமாக இருப்பான். ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதில் எட்டு நேற்றுப் பேசியதாக இருக்கும். தட்டில் சோறு தனி, குழம்பு தனி, காய் தனி. ஒன்றை ஒன்று தொட்டுவிட்டால் அந்த வேளை பட்டினி. மேளச் சத்தம், பட்டாசுச் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு கையைக் கடிப்பான். யாராவது தோளைத் தொட்டால் சுருங்கிப் போவான். ஆனால் காஜா எடுக்கக் கொடுத்தால், அதாவது பித்தான் ஓட்டையைச் சுற்றி ஊசி நூலால் தைக்கக் கொடுத்தால், அவனை மிஞ்ச ஆள் கிடையாது. சாயங்காலம் சட்டைகளை வீட்டுக்குக் கொண்டுபோவேன். காலையில் எல்லாம் முடிந்து அடுக்கி இருக்கும். வாடிக்கைக்காரர்கள் எங்கள் கடைக் காஜாவைப் புகழாத நாள் இல்லை. யார் எடுக்கிறது என்று பாய் கேட்டால், தெருவில் ஒரு அம்மாளிடம் கொடுக்கிறேன் என்று சொல்லிவிடுவேன்.

சின்ன வயதில் அவனுக்குப் பார்க்காத வைத்தியம் இல்லை. காவிரிக்கரையில் ஒரு கோயிலில் நாற்பத்தெட்டு நாள் வைத்திருந்தோம். தாயத்துக் கட்டினோம், அவன் அந்தக் கயிற்றைப் பிரித்து நூலாக்கிக்கொண்டான். பதினேழு வயதில் ஒருநாள் ரயில் பாதையோடு நடந்து கொள்ளிடம் பாலத்தையே தாண்டிப் போய்விட்டான். எதிரே வண்டி வந்திருந்தால் அன்றே முடிந்திருக்கும். அன்று முதல் நான் வேலைக்குப் போகும்போது முன் கதவு, பின் கதவு இரண்டையும் பூட்டிவிட்டுப் போவது வழக்கமாயிற்று. மனைவி இருந்தவரை அவளும் உள்ளே இருந்தாள். அவள் போன பிறகு அவன் மட்டும்.

மங்களத்துக்கு வரன் பார்க்க ஆரம்பித்தபோதுதான் அவனை இல்லாமலே ஆக்கினோம். முதலில் வந்த இரண்டு இடம் அவனைப் பார்த்ததும் காபியைக்கூடக் குடிக்காமல் எழுந்து போய்விட்டார்கள். மூன்றாவதாக லால்குடிக்காரர்கள் வந்தபோது, எங்களுக்கு ஒரே பெண் என்று சொன்னேன். கல்யாணத்தன்று தாலி கட்டியதும் என் மனைவி, பூட்டிவைத்திருந்த நடேசனைப் பார்க்க, தலைவலி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினாள். நமஸ்காரம் பண்ண மங்களம் அம்மாவைத் தேடியபோது நான் மட்டும் நின்றேன். பொய் சொன்னதற்கு இன்றைக்கும் நான் வெட்கப்படுகிறேன் என்று எழுதினால் அதுவும் பொய். பெண்ணைக் கரையேற்றிவிட்டோம் என்று அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினேன்.

இனி ஆஸ்பத்திரிக் கதை. பல வருஷமாக எனக்கு வயிற்றில் எரிச்சல். வெறும் வயிற்றில் டீ குடிப்பது, எரிந்தால் சோடா உப்பைக் கரைத்து விழுங்குவது, இதுதான் என் வைத்தியம். ஒரு புதன்கிழமை காலை பதினோரு மணிக்கு ஒரு சட்டைக்குக் காலர் வைத்துக்கொண்டிருந்தேன். உள்ளே கத்தியைச் செருகித் திருப்பியதுபோல ஒரு வலி. மிஷின் மேலேயே விழுந்துவிட்டேன். காதர் பாய் என்னைக் குதிரை வண்டியில் போட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். வண்டி குலுங்கிய ஒவ்வொரு குலுக்கலும் எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது.

அங்கே என்னை நிற்கவைத்து ஒரு எக்ஸ்ரே எடுத்தார்கள். நிற்கச் சொன்னவரை மனசுக்குள் திட்டித் தீர்த்தேன். காரணம் பிறகுதான் தெரிந்தது. குடல் புண் முற்றி வயிற்றில் ஓட்டை விழுந்தால், உள்ளே இருக்கிற காற்று வெளியே கசிந்து மேலே ஏறி நிற்குமாம். படத்தில் அந்தக் காற்று தெரிந்தது. உடனே அறுக்காவிட்டால் சீழ் வைத்து ஆள் போய்விடுவான் என்றார்கள்.

ஒரு சின்ன வயது டாக்டர் காகிதத்தை வைத்துக்கொண்டு கேட்டார். "வீட்டுல யார் யார் இருக்காங்க பெரியவரே? யாருக்காவது சொல்லி அனுப்பணுமா?"

"யாரும் இல்லைங்க. நான் ஒண்டிக்கட்டை" என்றேன்.

வலியில் உளறினேன் என்று சொல்லித் தப்பிக்கலாம். ஆனால் உளறல் இல்லை. கேள்வி வந்ததும் பதில் தானாக வந்தது. அத்தனை வருஷப் பழக்கம். அவர் எழுதிக்கொண்டு போய்விட்டார்.

மேஜையில் படுக்கவைத்து மூக்கின் மேல் துணி வைத்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட்டார்கள். நெடி குமட்டியது. ஒன்று, இரண்டு என்று எண்ணச் சொன்னார்கள். ஏழு எண்ணும்போதுதான் நடேசன் ஞாபகம் வந்தான். இரண்டு பூட்டு. ஒரு தட்டில் மத்தியானச் சோறு. ஒரு சொம்புத் தண்ணீர். எட்டு என்பதற்குப் பதிலாக "என் பையன்" என்று சொன்னேன். சொன்னேனா, சொல்ல நினைத்தேனா, தெரியாது.

அடுத்த இரண்டு நாளைப் பற்றி எனக்குத் தெரிந்தது துண்டு துண்டாகத்தான். மூக்கு வழியாக வயிற்றுக்குள் ஒரு ரப்பர் குழாய். தையல் ஆறும்வரை வயிறு காலியாக இருக்க அது உள்ளே ஊறுவதை இழுத்து எடுத்துவிடும். கையில் குளுக்கோஸ் ஊசி. நாலு மணிக்கு ஒரு தரம் பெனிசிலின். ஒரு சொட்டுத் தண்ணீர் கிடையாது. நர்ஸம்மா பஞ்சை நனைத்து உதட்டைத் துடைப்பார். காய்ச்சல் கொதித்தது. பக்கத்துக் கட்டில்காரர் முனகியது நடேசன் பசியில் முனகுவதுபோலவே கேட்டது. "சாவி, சாவி" என்று கத்தினேனாம்.

"கடையைப் பூட்டியாச்சு மாஸ்டர். சாவி என்கிட்டத்தான் இருக்கு. பேசாம படுங்க" என்று காதர் பாய் சமாதானம் சொன்னார். பாவம், அவருக்கு வேறு என்ன தெரியும்? வீட்டுச் சாவி என் சட்டைப் பையில், கட்டிலுக்கு அடியில் ஒரு துணி மூட்டைக்குள் இருந்தது.

அவர் செய்த ஒரு நல்ல காரியம், அன்றே லால்குடிக்கு ஒரு கார்டு போட்டது. வெள்ளிக்கிழமை மத்தியானம் மங்களமும் அவள் மாமியாரும் வந்து சேர்ந்தார்கள். கல்யாணமாகி ஐந்து வருஷம் கழித்து அப்போதுதான் அவளுக்கு ஐந்தாம் மாதம். ரயிலை விட்டு இறங்கி ஓடி வந்திருக்கிறாள். என் முகத்தைப் பார்த்தாள். குழாயைப் பார்த்தாள். அழவில்லை. குனிந்து என் காதருகே வந்து, ஆனால் வார்டுக்கே கேட்கும்படி, "அப்பா, அண்ணன்கிட்ட யார் இருக்கா?" என்றாள்.

யாரும் இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"யாருமில்லையா? புதன்கிழமையிலேர்ந்தா? ஐயோ, பூட்டியா வெச்சிருக்கீங்க?"

மாமியார் பின்னால் நின்றிருந்தார். "எந்த அண்ணன்டி?" என்று கேட்டார்.

மங்களம் கட்டிலுக்கு அடியில் குனிந்தாள். மூட்டையைப் பிரித்து என் சட்டையை உதறினாள். சாவி தரையில் விழுந்தது. எடுத்துக்கொண்டு காதர் பாயையும் இழுத்துக்கொண்டு ஓடினாள். பாய் ஒரே ஒரு தரம் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் மறக்க மாட்டேன். மாமியார் ஸ்டூலில் உட்கார்ந்து, அவர்கள் திரும்பி வரும்வரை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று மணி நேரம்தான் என் வியாதியிலேயே பெரிய வியாதி. அவன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் கிடந்தேன்.

இருந்தான். எங்களுக்கு அடுத்த வீட்டு ராஜாமணி, பஸ் கண்டக்டர் சம்சாரம், வியாழக்கிழமை மத்தியானத்திலிருந்து அவனுக்கு ஜன்னல் வழியாகச் சோறு கொடுத்திருக்கிறாள். இரண்டு நாள் கழித்து அவளே ஆஸ்பத்திரிக்கு வந்து என் கட்டிலருகில் நின்று எல்லாவற்றையும் சொன்னாள்.

"புதன்கிழமை ராத்திரியே சத்தம் கேட்டுச்சுண்ணே. முனகலும், சுவத்துல இடிக்கறதும். எங்களுக்கு என்ன பண்றதுன்னு தெரியலை. பூட்டை உடைக்கலாம்னா இவர் வேண்டாம்னுட்டார். அதைவிட, நாங்க உள்ள போயிட்டா நீங்க எப்படிண்ணே எங்க முகத்துல முழிப்பீங்கன்னு பயமா இருந்துச்சு."

"உனக்கு அவனைத் தெரியுமா?" என்று குழாயோடு மெல்லக் கேட்டேன்.

"தெருவுக்கே தெரியும்ணே. உங்க வீட்டம்மா இருந்தப்பவே தெரியும். நீங்க சொல்லலை, நாங்க கேக்கலை. மங்களத்தைப் பொண்ணு பார்க்க வந்தவங்க நாலு வீட்டுல விசாரிச்சாங்க. நாலு வீட்டுலயும் ஒரே பொண்ணுன்னுதான் சொன்னோம்."

நான் கண்ணை மூடிக்கொண்டேன். தெருவே எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறது. அந்த மரியாதையால்தான் என் பிள்ளை ஒரு ராத்திரியும் ஒரு பகலும் பட்டினி கிடந்தான். அவர்கள் பேரில் குற்றம் இல்லை. கதவைச் சாத்தியவன் நான்.

வியாழக்கிழமை பொறுக்க முடியாமல் ராஜாமணி பின்சுவர் ஏறிக் குதித்து, சமையலறை ஜன்னல் வழியாகக் குழம்புச் சோறு கொடுத்திருக்கிறாள். தொடவில்லை. ரசஞ்சாதம் கொடுத்தாள். தள்ளிவிட்டான். சாயங்காலம் வெறுஞ்சோற்றை ஒரு கிண்ணத்திலும் மோரை ஒரு கிண்ணத்திலுமாக நீட்டினாள். பறித்துக்கொண்டு போய்ச் சாப்பிட்டானாம். "இது முன்னாடியே தெரிஞ்சிருந்தா ரெண்டு வேளை பட்டினி போட்டிருக்க மாட்டேன்" என்று அழுதாள். என் பிள்ளை எப்படிச் சாப்பிடுவான் என்று உலகத்தில் என் ஒருவனுக்குத்தான் தெரியும் என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமையில் இடி விழ.

கதவைத் திறந்ததும் மங்களம் பார்த்ததை அவள் வாயால் நான் கேட்டேன். புதன்கிழமைச் சட்டைகளை எல்லாம் முடித்துவிட்டிருக்கிறான். வேறு சட்டை வரவில்லை. கத்தரிக்கோலை எடுத்து என் துண்டுகளில், அவன் வேட்டியில், தலையணை உறையில் ஓட்டை வெட்டிக் காஜா எடுத்திருக்கிறான். அதுவும் தீர்ந்து பெட்டியைத் திறந்து அவன் அம்மாவின் கூறைப்புடவையை எடுத்திருக்கிறான். கரையோரமாக, ஒரே அளவு இடைவெளியில், வரிசையாகக் காஜா. ஒரு தையல்கூடக் கோணவில்லையாம். விரல்களில் ரத்தம் கட்டியிருந்தது. பின்கதவும் பூட்டியிருந்ததால் அறை மூலையிலேயே அசிங்கம் செய்திருந்தான். மூக்கைப் பிடிக்காமல் உள்ளே போய் அதை அள்ளிக் கழுவியவள் ராஜாமணி.

சம்பந்தியம்மாள் வந்ததற்கு மறுநாள், சனிக்கிழமை, பேசினார். கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் மெதுவாகத்தான் பேசினார்.

"சொல்லியிருந்தா பொண்ணு எடுத்திருக்க மாட்டோம். அதனால மறைச்சீங்க. சரி, பெத்தவங்க வேற என்ன செய்வாங்கன்னு விட்டுடறேன். ஆனா அஞ்சு வருஷம் தவமிருந்து இப்பத்தான் ஒண்ணு தங்கியிருக்கு சம்பந்தி. அதுவும் இப்படிப் பொறந்தா நாங்க என்னங்க செய்வோம்? இங்க டாக்டரைக் கேட்டேன். எதுவும் சொல்ல முடியாதுன்னுட்டார்."

அவர் எழுந்து மங்களத்தின் பையை எடுத்துக்கொண்டார்.

"வளைகாப்பு, பிரசவம் எல்லாம் லால்குடியிலேயே நடக்கட்டும். அதுவரைக்கும் இவ இங்க வர வேண்டாம்."

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வருவதுதான் எங்கள் வழக்கம். அதை என்னிடமிருந்து எடுத்துவிட்டார். மங்களம் என் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுப் போனாள். வாசல்வரை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

காதர் பாய் இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. சுடுதண்ணீர் கொண்டு வருவார், வைப்பார், போவார். மூன்றாம் நாள், "பதினஞ்சு வருஷம் ஒரே கடையில உக்காந்திருக்கோம் மாஸ்டர். என் பொண்டாட்டி மவுத்தானப்போ உங்க தோள்லதான் சாஞ்சு அழுதேன். எங்கிட்டகூடவா சொல்லக்கூடாது?" என்றார். மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். குழாய் தொண்டையில் குத்தியது. "சரி, சரி, பேசாதீங்க. தம்பியை நாளையிலேர்ந்து நான் கடைக்குக் கூட்டிட்டுப் போறேன்" என்றார்.

பஸ் இரைச்சலை நடேசனால் தாங்க முடியாது. காவிரிப் பாலம் வழியாக நடத்தியே கூட்டிப்போனார். என் இடத்தில் உட்கார்ந்து காஜா எடுத்தான். ஐந்து நாள் நன்றாகவே போயிற்று. ஆறாம் நாள் பாலத்தின் நடுவில் ஒரு லாரி ஹாரன் அடித்தது. அவன் அங்கேயே உட்கார்ந்து கையைக் கடித்துக்கொண்டு அலறினான். கூட்டம் கூடிவிட்டது. குடிகாரன் என்று எவனோ அறைந்துவிட்டான். பாய் குறுக்கே விழுந்து மீதி அடியை வாங்கிக்கொண்டார். கன்னம் வீங்கி வந்து நின்றவர், "தினமும் என்னால முடியலை மாஸ்டர். தப்பா நெனைக்காதீங்க" என்றார். எப்படித் தப்பாக நினைப்பேன்? இருபத்தொன்பது வருஷமாக என்னாலேயே முடியாமல்தானே பூட்டு வாங்கினேன். நான் வீடு திரும்பும்வரை பகலில் ராஜாமணி சோறு போட்டாள், ராத்திரி பாய் எங்கள் வீட்டில் வந்து படுத்தார்.

பெரிய டாக்டரிடம் நானாகவே சொன்னேன். அவனை ஒரு சாயங்காலம் அழைத்துவரச் சொல்லி, தொடாமல், தள்ளி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தார். கையில் ஒரு கிழிந்த கைக்குட்டையும் ஊசியும் கொடுத்துப் பார்த்தார். பிறகு என்னிடம் சொன்னார்.

"இது பைத்தியம் இல்லை. பேய் பிசாசும் இல்லை. பிறவியிலேயே மூளை உலகத்தை வேற மாதிரி வாங்கிக்குது. சத்தம், தொடறது, மாற்றம் எல்லாம் அவங்களுக்கு வலி. ஆட்டிசம்னு பேர் வெச்சிருக்காங்க. நானே புஸ்தகத்துலதான் படிச்சிருக்கேன். அதுவும் குழந்தைகளைப் பத்தித்தான்."

"எங்களால வந்ததுங்களா?"

"இல்லை. அப்படி நினைக்காதீங்க."

அதைக் கேட்க என் மனைவி இல்லையே என்று அங்கேயே அழுதுவிட்டேன். கர்ப்பத்தில் கிரகணத்தன்று வெளியே வந்ததால்தான் இப்படி ஆயிற்று என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தவள் அவள்.

"எங்கயாவது சேர்க்க முடியுங்களா?" என்று கேட்டேன்.

"சென்னையில மனநோய் ஆஸ்பத்திரி இருக்கு. அங்க அனுப்பாதீங்க. இவன் நோயாளி இல்லை." தனக்குத் தெரிந்த, இப்படிப்பட்ட குழந்தைகளை வைத்துப் பார்க்கிற ஓர் இல்லத்துக்குக் கடிதம் எழுதிக் கேட்பதாகச் சொன்னார். பதில் வந்தது. பதினாலு வயதுக்கு மேல் சேர்த்துக்கொள்வதில்லையாம். குழந்தைகள் வளர்ந்த பிறகு எங்கே போவார்கள் என்று அந்தக் கடிதத்தில் இல்லை. டாக்டர் அதை மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார்.

வீட்டுக்கு அனுப்பும்போது ஒளிக்காமல் சொன்னார். ஓட்டையை அடைத்து ஒட்டுத்தான் போட்டிருக்கிறதாம். புண் வரும் வயிறு அப்படியேதான் இருக்கிறதாம். இன்னொரு தரம் இப்படி ஆனால் இந்த உடம்பு தாங்காது என்றார். ஒட்டுப்போட்ட துணி எத்தனை நாள் வரும் என்று எனக்குத் தெரியாதா என்ன?

இப்போது வீட்டில் பூட்டு இல்லை. மிஷினை வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டேன். காதர் பாய் வெட்டிய துணியை ஆள் மூலம் அனுப்புகிறார். நடேசன் வாசலில் உட்கார்ந்து காஜா எடுக்கிறான். சில பேர் நின்று பார்க்கிறார்கள். சில பேர் குழந்தையை இழுத்துக்கொண்டு வேகமாகக் கடக்கிறார்கள். லால்குடியிலிருந்து கடிதம் வருவது குறைந்துவிட்டது. மங்களத்துக்கு இது ஒன்பதாம் மாதம். தபால்காரன் சத்தம் கேட்டாலே மிஷினை நிறுத்திவிட்டு வாசலுக்கு வந்துவிடுகிறேன்.

போன வாரம் மனசைத் திடப்படுத்திக்கொண்டு ராஜாமணி வீட்டுக்குப் போனேன். சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"எனக்கு அப்புறம் இவனைப் பார்த்துக்குவியாம்மா?"

அவள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள். முந்தானையால் கையைத் துடைத்தாள்.

"முடியாதுண்ணே. மூணு புள்ளைங்க இருக்கு. இவருக்கு எந்த ஊருக்கு மாத்தல் வருமோ தெரியாது. இங்க இருக்கற வரைக்கும் மத்தியானச் சோறு நான் போடறேன். தனித்தனியாவே வெச்சுப் போடறேன். பார்த்துக்கறேன்னு வாய் வார்த்தைக்குச் சொன்னா நாளைக்கு நீங்க நம்பிச் சாவீங்க. அந்தப் பாவம் எனக்கு வேண்டாம்."

 எனக்குக் கோபம் வரவில்லை. எனக்குப் பிறகு அவன் என்ன ஆவான் என்பதைப் பற்றி ஒருவர் என் முகத்துக்கு நேரே உண்மை பேசியது அதுதான் முதல் தடவை. ஒரு வேளைச் சோறு கிடைத்திருக்கிறது. இன்னும் இரண்டு வேளை இருக்கிறது. ராத்திரி படுக்க இடம் இருக்கிறது. காய்ச்சல் வந்தால் கூப்பிட ஆள் வேண்டியிருக்கிறது. எங்கள் சந்தில் பதினேழு வீடு.

வீட்டுக்கு வந்து நடேசனை எழுப்பிச் சட்டை போட்டுக்கொள்ளச் சொன்னேன். போட்டுக்கொண்டான். அவனையும் அழைத்துக்கொண்டு போய் ராஜாமணி வீட்டுக்கு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டினேன்.